ஒரு கிராம் கரிக்குள் கால் ஏக்கர்

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்துக் களங்களில் தேங்காய் உடைபட்டால் பருப்பு எண்ணெய்க்குப் போகும், தொட்டி கரிக்குப் போகும். இலங்கையில் அதைச் சிரட்டை என்பார்கள். அங்கும் அது கரியாகிக் கப்பலேறுகிறது. காற்று அதிகம் படாமல் சுட்டெடுத்த இந்தக் கரியை ஆலைகளில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவிக்குக் காட்டுகிறார்கள். நீராவி கார்பனை அரிக்கிறது. அரிபட்ட கார்பன் வாயுவாகி வெளியேற, அது இருந்த இடம் துளையாகிறது. துளைக்குள் துளை, அதற்குள்ளும் துளை என்று கரி உள்ளுக்குள் குடைபட்டுப்போகிறது. வணிகர்கள் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்றும் பாடநூல்கள் ‘கிளர்வூட்டிய கரி’ என்றும் சொல்வது இதைத்தான். குடிநீர் வடிகட்டியிலும், தங்கச் சுரங்கங்களிலும், நச்சுவாயு முகமூடியிலும் இது வேலை செய்கிறது.

இந்தச் சரக்கு கைமாறும்போது அதன் தரத்தைச் சொல்லும் தாளும் உடன் போகும். அதில் ‘அயோடின் எண்’ இருக்கும்: ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடித்துக்கொள்ளும் என்பது. ஆய்வகத்தில் கேட்டால் இன்னொரு எண்ணும் தருவார்கள்: உட்பரப்பளவு. நல்ல கரிக்குக் கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் என்பது சாதாரணம். நம் ஊர் நிலக்கணக்கில் அது ஏறக்குறைய 25 சென்ட். உள்ளங்கையில் ஏந்திய சிறிதளவு கரிக்குள் கால் ஏக்கர் நிலம்.

அந்தக் கால் ஏக்கரை யார் அளந்தது? கரியை விரித்துப் போட்டுச் சங்கிலி பிடித்து அளக்க முடியாது. அதன் பெரும்பகுதி இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள துளைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. வாயு மூலக்கூறுகளை உள்ளே அனுப்பி, எத்தனை மூலக்கூறுகள் எந்த அழுத்தத்தில் ஒட்டின என்று எண்ணி, ஒரு சமன்பாட்டின் வழியாகத்தான் அந்தப் பரப்பளவுக்கு வந்து சேர்கிறோம். ஆகவே அந்த எண் கரிக்கு மட்டும் சொந்தமானதன்று. கரி, அதைத் தொட்ட வாயு, கணக்குப் போட்ட சமன்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்து எழுதிய பட்டா அது. மூன்றில் எது மாறினாலும் நிலத்தின் அளவு மாறும். இதை மறந்தவர்கள் பெரும் பிழைகளில் விழுந்திருக்கிறார்கள். நினைவில் வைத்தவர்கள் ஓர் அழகான அறிவியலைக் கட்டியிருக்கிறார்கள்.

ஒட்டுவதும் ஊறுவதும்

பஞ்சு தண்ணீரை உறிஞ்சும்போது தண்ணீர் அதன் உடம்பெங்கும் ஊறுகிறது. கரி வாயுவைப் பிடிப்பது வேறு வகை. வாயு கார்பனுக்குள் கரைவதில்லை. அதன் பரப்பின் மேல் படலமாக ஒட்டி நிற்கிறது. இதைப் பரப்புக்கவர்ச்சி என்கிறோம். உறிஞ்சுதலிலிருந்து இதைப் பிரித்துக்காட்டத் தனிச் சொல் வேண்டும் என்று உணர்ந்து அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர், ஆண்டு 1881.

நிகழ்வு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஸ்வீடனின் கார்ல் ஷீலே 1773இல் கரியைச் சூடாக்கினால் வாயு வெளியேறுவதையும், ஆறினால் திரும்ப உள்ளே போவதையும் கண்டார். 1777இல் இத்தாலியின் ஃபெலிச்சே ஃபோன்டானா, கனன்ற கரியைப் பாதரசத்தில் அமிழ்த்தி அணைத்து, பாதரசத்தின் மேல் கவிழ்த்து வைத்த குழாயின் வாயுவுக்குள் செலுத்தினார். வாயு மறைய, பாதரசம் குழாயில் ஏறியது. 1814இல் சோஸ்யூர் என்ற ஆய்வாளர் இதை எண்களாக்கினார். பாக்ஸ்வுட் என்னும் மரத்தின் கரி தன் பருமனைப்போல 90 மடங்கு அம்மோனியாவையும், 35 மடங்கு கார்பன் டை ஆக்சைடையும் பிடித்தது; ஹைட்ரஜனை 1.75 மடங்குதான். எளிதில் திரவமாகும் வாயு அதிகம் ஒட்டுகிறது, ஒட்டும்போது வெப்பம் வெளிப்படுகிறது என்ற இரண்டு உண்மைகளும் அவரிடமே தெளிவாகின்றன. பின்னால் வந்த கொள்கைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் டூவர் தேங்காய்த் தொட்டிக் கரியைத் திரவக் காற்றில் குளிரவைத்து, பாத்திரத்தில் மிஞ்சிய வாயுவை அதில் ஒட்டவைத்து மிக உயர்ந்த வெற்றிடம் உண்டாக்கினார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் குளோரின் வாயு ஆயிரக்கணக்கான சிப்பாய்களைச் சாய்த்தபோது, கரி உயிர்காக்கும் பொருளாயிற்று. ரஷ்யாவில் நிக்கலாய் செலின்ஸ்கி அதே ஆண்டில் கரி நிரப்பிய முகமூடியை வடிவமைத்தார். அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளையும் தேங்காய்த் தொட்டிகளையும் முகமூடிக் கரிக்காகத் திரட்டினார்கள். எந்தக் கரி எவ்வளவு பிடிக்கும் என்ற கேள்வி அன்று உயிரையும் மரணத்தையும் பிரிக்கும் கேள்வியாக இருந்தது.

அளக்கும் விதம்

இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது இது. கரி மாதிரியை முதலில் வெற்றிடத்தில் சில மணி நேரம் சூடாக்குகிறார்கள். அதில் ஏற்கெனவே குடியிருக்கும் ஈரமும் காற்றும் வெளியேறினால்தான் அளப்பவர் அனுப்பும் வாயுவுக்கு இடம் கிடைக்கும். பிறகு மாதிரிக் குழாயைத் திரவ நைட்ரஜனில், அதாவது 77 கெல்வினில் அமிழ்த்துகிறார்கள். பருமன் தெரிந்த இன்னொரு கலத்தில் நைட்ரஜன் வாயுவை நிரப்பி, அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, வால்வைத் திறக்கிறார்கள். வாயு இரண்டு கலங்களிலும் பரவி அழுத்தம் குறையும். வெறும் பரவலால் எவ்வளவு குறைய வேண்டுமோ அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால், காணாமல்போன வாயு கரியில் ஒட்டியிருக்கிறது. சிறிது சிறிதாக வாயுவைக் கூட்டி இதையே திரும்பத் திரும்பச் செய்தால் அழுத்தத்துக்கு எதிராக ஒட்டிய அளவு ஒரு வளைகோடாக எழும். அதுதான் சமவெப்பநிலைக் கோடு.

இன்னொரு முறை நேராக எடை பார்ப்பது. 1926இல் மெக்பெயினும் பக்ரும் மெல்லிய குவார்ட்ஸ் சுருள்வில்லில் மாதிரியைத் தொங்கவிட்டார்கள். வாயு ஒட்ட ஒட்ட வில் நீள்வதைப் படித்தார்கள். இன்றைய காந்தத் தராசுகள் இதன் வாரிசுகள். ஆனால் தண்ணீருக்குள் கல் எடை குறைவதுபோல, அடர்ந்த வாயுவுக்குள் கரியும் எடை குறையும். அந்த மிதப்பைத் திருத்தாவிட்டால் கிடைக்கும் எடை பொய் சொல்லும்.

இரண்டு முறைகளிலும் ஒரே இடத்தில் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கரித் துகள்களைச் சுற்றியும் துளைகளுக்குள்ளும் வாயு நிரம்பக்கூடிய வெற்றிடம் எவ்வளவு? ஒட்டிய வாயுவைக் கழித்துக் காண்பதற்கு இது தெரிந்தாக வேண்டும். வழக்கமாக ஹீலியத்தை அனுப்பி அளக்கிறார்கள். ஹீலியம் சிறியது, எங்கும் நுழையும், ஒட்டாது என்பது நம்பிக்கை. ஆனால் மிக நெருக்கமான துளைகளில், குளிர்ந்த நிலையில், ஹீலியமும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்கிறது. ஆகவே ‘நேரடி அளவீடு’ என்று நாம் நம்பும் முதல் படியிலேயே ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது.

இதைவிட ஆழமான ஒன்றும் உண்டு. சுவருக்கு அருகில் வாயு அடர்த்தியாகவும் தள்ளிப் போகப் போகச் சாதாரண அடர்த்தியிலும் இருக்கிறது. எங்கே ‘ஒட்டியது’ முடிந்து ‘ஒட்டாதது’ தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. கருவிக்குத் தெரிவது ஒன்றே: கரியின் ஈர்ப்பு இல்லாதிருந்தால் அங்கே இருந்திருக்கக்கூடியதைவிட எவ்வளவு வாயு மிகையாக இருக்கிறது. ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் வகுத்துத் தந்த இந்த ‘மிகை’ என்ற கருத்துத்தான் பரப்புக்கவர்ச்சி அளவீட்டின் அடித்தளம். குறைந்த அழுத்தத்தில் மிகையும் மொத்தமும் ஒன்றுபோலவே இருக்கும். அழுத்தம் ஏற ஏறச் சுற்றியுள்ள வாயுவும் அடர்த்தியாகி ஒட்டிய படலத்தை எட்டிப்பிடிக்கிறது; மிகை ஓர் உச்சத்தைத் தொட்டுக் கீழே இறங்குகிறது. கரி வாயுவை உதறிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. சுற்றுப்புறம் உயர்ந்துவிட்டதால் வித்தியாசம் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்த இறக்கத்தைப் பார்த்துத் தங்கள் கருவி பழுது என்று எண்ணியவர்கள் உண்டு.

இரண்டு கொள்கைகள்

வளைகோடு கிடைத்துவிட்டது. அது ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது? இதற்கு முதல் உலகப் போர்க் காலத்தில் இரண்டு பேர் எதிரெதிரான பதில்கள் தந்தார்கள்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் மின்விளக்கு இழைகளோடு வாழ்ந்த இர்விங் லாங்மியூர், பரப்பைச் சதுரங்கப் பலகைபோலக் கண்டார். ஒரு கட்டத்தில் ஒரு மூலக்கூறு. வாயுவிலிருந்து வந்து விழும் வேகமும் பரப்பிலிருந்து கிளம்பிப் போகும் வேகமும் சமமாகும்போது நிலை தரிக்கிறது. கட்டங்கள் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் இடமில்லை. 1918இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் அளவீடுகள் கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் சமதளப் பரப்புகளில் செய்யப்பட்டவை. கரியின் குகைகளுக்கு அந்தப் பலகை பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

ஹங்கேரியின் மைக்கேல் பொலானி, படையில் மருத்துவராக இருந்த காலத்தில், வேறு விதமாகச் சிந்தித்தார். திண்மத்தின் பரப்பிலிருந்து ஓர் ஈர்ப்புப் புலம் வெளியே நீள்கிறது. குன்றின் அடிவாரத்துப் பள்ளத்தில் நீர் தேங்குவதுபோல வாயு அந்தப் புலத்தில் தேங்கி, அழுந்தி, திரவமாகிறது. ஒரு வெப்பநிலையில் அளந்த கோட்டைக் கொண்டு இன்னொரு வெப்பநிலையின் கோட்டைக் கணிக்க முடிந்தது, கணிப்பு பலித்தது. ஆனால் அக்கால இயற்பியலுக்குத் தெரிந்த மின்விசைகளைக்கொண்டு இப்படிப்பட்ட தொலைநீள் ஈர்ப்பை விளக்க முடியவில்லை. பெர்லினில் ஃபிரிட்ஸ் ஹாபரின் நிறுவனத்தில் பொலானி பேசியபோது ஹாபரும் ஐன்ஸ்டைனும் அதை ஏற்கவில்லை. லாங்மியூரின் கொள்கை பாடநூலாயிற்று. 1932இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு, மின்னூட்டமற்ற அணுக்களுக்கிடையிலும் ஈர்ப்பு உண்டு என்று காட்டி, பொலானிக்குத் தேவைப்பட்ட விசையைத் தந்தார். அப்போதும் உலகம் மெதுவாகத்தான் திரும்பியது. சோவியத் நாட்டில் மிக்காயில் துபீனினும் ரதுஷ்கெவிச்சும் 1947இல் பொலானியின் கருத்தை நுண்துளைக் கரிகளுக்கான சமன்பாடாக வார்த்தார்கள். இன்றும் கரி ஆய்வாளர்களின் கைக்கருவிகளுள் அது ஒன்று. பொலானி 1963இல் தன் கொள்கையின் இந்த நெடும்பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்கிறேன். லாங்மியூர் தவறு, பொலானி சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சமதளத்துக்கு ஒருவர், குகைக்கு ஒருவர். எந்தப் பரப்பில் எது செல்லும் என்று கேட்காமல் ஒரு சமன்பாட்டை எல்லாவற்றுக்கும் அரசனாக்கியதுதான் காலத்தின் தவறு.

கால் ஏக்கரின் கணக்கு

பரப்பளவுக்கு வருவோம். 1938இல் வாஷிங்டனில் ஸ்டீபன் புரூனவர், பால் எம்மெட், எட்வர்ட் டெல்லர் மூவரும் லாங்மியூரின் பலகையை அடுக்குமாடியாக்கினார்கள். முதல் படலத்தின் மேல் இரண்டாவது, அதன் மேல் மூன்றாவது. முதல் படலம் மட்டும் சுவரின் ஈர்ப்பை உணரும்; மேலுள்ளவை திரவத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். புரூனவருக்கும் எம்மெட்டுக்கும் இது தேவைப்பட்டது கரிக்காக இல்லை. உரத் தொழிலுக்கான அம்மோனியாவைத் தயாரிக்கும் இரும்பு வினையூக்கியின் பரப்பளவு அவர்களுக்கு வேண்டியிருந்தது. மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘பிஇடி’ என்று வழங்கும் இந்தச் சமன்பாடு, முதல் படலம் நிரம்பத் தேவையான மூலக்கூறுகளின் எண்ணிக்கையைத் தருகிறது.

மீதி எளிய பெருக்கல். 77 கெல்வினில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்வதாக வைத்துக்கொள்கிறோம். ஒரு கிராம் கரியின் முதல் படலத்துக்கு, சாதாரண அழுத்தத்திலும் பூஜ்யம் டிகிரி செல்சியஸிலும் அளந்தால் சுமார் 230 கன சென்டிமீட்டர் நைட்ரஜன் ஆனது என்று வைப்போம். அதில் ஏறத்தாழ ஆறு கோடி கோடி கோடி மூலக்கூறுகள். ஒவ்வொன்றின் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் 1,000 சதுர மீட்டர். கால் ஏக்கர் வந்துவிட்டது.

இந்தக் கணக்கு சமதளத்திலும் அகன்ற துளையிலும் நன்றாகச் செல்லும். நுண்துளைக்குள் என்ன ஆகிறது? ஒரே ஒரு மூலக்கூறு நுழையும் அகலமுள்ள பிளவை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் மூலக்கூறு இரண்டு சுவர்களையும் ஒருசேரத் தொடுகிறது. நாம் ஒரு சுவருக்கான பாயை மட்டும் கணக்கில் எடுப்பதால் பரப்பளவு பாதியாகிறது. மூன்று மூலக்கூறுகள் அடுக்கும் பிளவிலோ நடுவில் இருப்பது எந்தச் சுவரையும் தொடவில்லை. ஆனாலும் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே துளை முழுவதும் நிரம்பிவிடுவதால் சமன்பாடு அதையும் சுவரில் ஒட்டியதாக எண்ணிவிடுகிறது. பரப்பளவு ஊதிப்போகிறது.

இதற்கு ஓர் எல்லைக் கல் உண்டு. கார்பனின் ஒற்றைத் தாளான கிராஃபீனின் இரு பக்கங்களையும் சேர்த்தால் கிராமுக்கு 2,630 சதுர மீட்டர். ஆனால் கிராமுக்கு 3,000 சதுர மீட்டரையும் தாண்டிய பிஇடி பரப்புள்ள கரிகள் ஆய்விதழ்களில் இடம்பெற்றிருக்கின்றன. தாள்கள் சிறு துண்டுகளாக இருந்தால் விளிம்புகளும் பரப்பாகும் என்பதால் ஒரு பகுதி உண்மையாக இருக்கலாம். மறுபகுதி, துளையை நிரப்பிய வாயுவைப் பரப்பாக எண்ணியதன் விளைவு. ஐயூபேக் எனப்படும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியமும் 2015இல் வெளியிட்ட பரிந்துரையில், நுண்துளைப் பொருள்களின் பிஇடி பரப்பைத் ‘தோற்றப் பரப்பு’ என்றே கொள்ள வேண்டும் என்கிறது. ஒரு கரியை இன்னொரு கரியோடு ஒப்பிட அது உதவும். பத்திரத்தில் எழுதும் நிலமாக அதைக் கொள்ளலாகாது.

எந்த மூலக்கூறைக் கேட்பது?

டிஎன்ஏவின் எக்ஸ் கதிர்ப் படத்தால் உலகம் அறிந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் தன் ஆய்வு வாழ்வைத் தொடங்கியது நிலக்கரியில். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942இல் பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுக் கழகத்தில் சேர்ந்து, 1945இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: நிலக்கரியின் அடர்த்தி எவ்வளவு? ஹீலியத்தில் அளந்தார், மெத்தனாலில் அளந்தார், ஹெக்சேனில் அளந்தார், பென்சீனில் அளந்தார். விடை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது. குழப்பம் என்று இதை ஒதுக்காமல் அவர் உள்ளே பார்த்தார். சிறிய மூலக்கூறு நுழையும் கழுத்தில் பெரிய மூலக்கூறு நுழைவதில்லை. ஆகவே நிலக்கரி ஒரு மூலக்கூறுச் சல்லடை. அளவீடுகளின் முரண்பாட்டையே துளையின் அமைப்பைச் சொல்லும் சாட்சியாக மாற்றினார். பின்னர் பாரிஸில் எக்ஸ் கதிர்களைக்கொண்டு, சூடாக்கினால் கிராஃபைட்டாகும் கார்பன்களையும் எவ்வளவு சூடாக்கினாலும் ஆகாத கார்பன்களையும் பிரித்துக்காட்டி 1951இல் எழுதினார். நம் தொட்டிக் கரி இரண்டாவது வகை. அதன் தாள்கள் ஒழுங்கான அடுக்கில் அமர மறுப்பதால்தான் இடையில் துளைகள் பிழைத்திருக்கின்றன.

இன்றைய ஆய்வகமும் இதே பாடத்தைத்தான் பின்பற்றுகிறது. 77 கெல்வின் குளிரில் நைட்ரஜன் சோம்பிப்போகிறது. மிகக் குறுகிய துளைகளுக்குள் அது பரவிச் சேரவே நெடுநேரம் ஆகிறது, சிலவற்றில் நுழைவதே இல்லை. கார்பன் டை ஆக்சைடை 273 கெல்வினில் அனுப்பினால் மூலக்கூறுகள் சுறுசுறுப்பாக உள்ளே போகின்றன. நைட்ரஜன் காணாத துளைகளை அது காண்கிறது. சில கரிகளில் நைட்ரஜன் ‘பரப்பு மிகக் குறைவு’ என்று சொல்ல, கார்பன் டை ஆக்சைடு ‘நிறைய இருக்கிறது’ என்று சொல்லும். இரண்டும் உண்மையே. ஒன்று வாசலில் நின்று பார்த்தது, ஒன்று வீட்டுக்குள் போய்ப் பார்த்தது. துளை அளவுகளைக் காண 87 கெல்வினில் ஆர்கானைப் பயன்படுத்துமாறும் 2015இன் பரிந்துரை சொல்கிறது. நைட்ரஜன் மூலக்கூறின் மின் பகிர்வு சீரானதன்று. பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகள் இருந்தால் அவற்றை நோக்கித் தலை திருப்பிக்கொண்டு ஒட்டும். உருண்டையான ஆர்கானுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது.

கணினிக்குள் ஒரு துளை

பிஇடி சமன்பாட்டின் எல்லை தெரிந்த பிறகு ஆய்வாளர்கள் வேறு வழிக்குப் போனார்கள். துளையைக் கணினிக்குள் கட்டி, அதில் வாயு என்ன செய்யும் என்று பார்ப்பது. இரண்டு கிராஃபைட் சுவர்களை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். ஒரு சுவர் ஒரு மூலக்கூறை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஸ்டீல் 1970களில் தந்த வாய்பாடு இன்றும் வழக்கில் இருக்கிறது: 0.335 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கிய கார்பன் தாள்களின் ஈர்ப்பைக் கூட்டி எழுதியது. சுவர்கள் நெருங்க நெருங்க இரண்டின் ஈர்ப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. மூலக்கூறு இரண்டையும் தொடும் அகலத்தில் ஈர்ப்புப் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய இருமடங்காகிறது. மிகக் குறைந்த அழுத்தத்திலேயே சிறிய துளை நிரம்பிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பிறகு கணினி ஒரு மூலக்கூறைத் துளைக்குள் எங்காவது போட்டுப் பார்க்கிறது, ஒன்றை எடுத்துப் பார்க்கிறது, ஒன்றை நகர்த்திப் பார்க்கிறது. ஆற்றலின் கணக்குக்கு ஒத்துவந்தால் ஏற்கிறது. இல்லாவிட்டால் பெரும்பாலும் மறுக்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான முயற்சிகளின் சராசரி, அந்த அழுத்தத்தில் துளைக்குள் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும் என்பதைத் தருகிறது. மான்டி கார்லோ முறை என்பது இது. அடர்த்திச் சார்புக் கொள்கை என்னும் இன்னொரு முறை, இதே விடையைக் குறைந்த உழைப்பில் தருகிறது. 1989இல் சீட்டன், வால்டன், குவர்க் மூவரும் அதைக் கரியின் துளை அளவுகளைக் காணப் பயன்படுத்தினார்கள். 1993இல் லாஸ்டோஸ்கி, கப்பின்ஸ், குவர்க் ஆகியோர் அதை மேலும் கூர்மையாக்கினார்கள்.

வழிமுறை இப்படி: 0.4 நானோமீட்டர் துளைக்கு ஒரு கோடு, 0.5க்கு ஒரு கோடு என்று வரிசையாகக் கணித்து வைத்துக்கொள்வது. அளந்த கோடு இவற்றில் எதை எவ்வளவு கலந்தால் கிடைக்கும் என்று தேடுவது. குழம்பை ருசி பார்த்து, மல்லி எத்தனை பங்கு, மிளகாய் எத்தனை பங்கு என்று சொல்வதைப்போன்றது. கைதேர்ந்தவர் சொல்லிவிடுவார். ஆனால் வெவ்வேறு பங்குகள் ஒரே ருசியைத் தரவும் கூடும். ஆகவே விடை தாறுமாறாகத் துள்ளாமல் இருக்க, ‘பரவல் வழுவழுப்பாக இருக்கட்டும்’ என்று கணக்குக்கு ஒரு கடிவாளம் போடுகிறார்கள். அந்தக் கடிவாளத்தையும் நாம்தான் போட்டோம் என்பதை மறக்கக் கூடாது.

இந்த முறையில் ஒரு விசித்திரம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. எங்கெங்கிருந்தோ வந்த, எப்படியெப்படியோ செய்த கரிகளில், ஒரு நானோமீட்டர் அகலத்துக்கு அருகில் மட்டும் துளைகளே இல்லை என்று வரைபடம் சொன்னது. இயற்கை ஏன் அந்த ஒரு அளவை வெறுக்க வேண்டும்? காரணம் கரியில் இல்லை. கணினிச் சுவரில் இருந்தது. கணினியின் சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பானது. அதில் வாயு படலம் படலமாகத் திடீர் திடீரென்று ஏறும். உண்மைக் கரியின் சுவரோ கரடுமுரடானது. அதில் ஏற்றம் நிதானமானது. இந்தப் பொருத்தமின்மையை ஈடுகட்ட, கணக்கு ஒரு நானோமீட்டர் அருகில் ஒரு பொய்ப் பள்ளத்தை வெட்டிக்கொண்டது. நைமார்க், ராவிகோவிச் முதலானோர் சுவரின் கரடுமுரடையும் கொள்கைக்குள் சேர்த்து 2009இல் கரிகளுக்குத் தந்த வடிவத்தில் அந்தப் பள்ளம் மறைந்தது. வரைபடத்தில் தெரிந்தது கரியின் முகமா, கண்ணாடியின் கீறலா என்று கேட்கத் தெரிந்தவர்களால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது.

67 சதவீதம்

கேட்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஹைட்ரஜனில் ஓடும் வாகனத்துக்கு, வாயுவைப் பாதுகாப்பாகத் தேக்கிவைக்கும் பொருள் வேண்டும். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிராஃபைட் நானோ இழைகள் சாதாரண வெப்பநிலையில், சுமார் 120 வளிமண்டல அழுத்தத்தில், மொத்த எடையில் 67 சதவீதம் வரை ஹைட்ரஜனைப் பிடிப்பதாகச் சொன்னது. உலகமெங்கும் நம்பிக்கை பொங்கியது.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 67 சதவீதம் என்றால் ஒரு கிராம் கார்பனுக்கு இரண்டு கிராம் ஹைட்ரஜன்; ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் ஏறத்தாழ 24 ஹைட்ரஜன் அணுக்கள். கார்பனோடு ஹைட்ரஜன் மிக அதிகமாகச் சேர்ந்த சேர்மமான மீத்தேனிலேயே நான்குதான். வேதிப்பிணைப்பால் முடியாததை, பரப்பில் ஒட்டவைக்கும் பலவீனமான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு ஆறு மடங்காகச் செய்ததா? மற்ற ஆய்வகங்கள் முயன்றன. அந்த அளவு எங்கும் திரும்பக் கிடைக்கவில்லை. கரி வகைகள் அறை வெப்பநிலையில் பிடிக்கும் ஹைட்ரஜன் பெரும்பாலும் ஒரு சதவீதத்தின் அருகிலோ அதற்குக் கீழோதான். 77 கெல்வினில், போதிய அழுத்தத்தில், கிராமுக்கு 500 சதுர மீட்டருக்கு ஒரு சதவீதம் என்பது நடைமுறை விதி.

அழுத்த வீழ்ச்சியை வைத்து அளப்பதில் எவ்வளவு நுட்பமான பொறிகள் உண்டு என்பதை இங்கே உணரலாம். 120 வளிமண்டல அழுத்தத்தில் அறையின் வெப்பம் ஒரே ஒரு டிகிரி குறைந்தால் அழுத்தம் 0.4 வளிமண்டலம் குறையும். மாதிரி கையளவுக்கும் குறைவாக இருந்தால், அந்தக் குறைவே ‘ஒட்டிய ஹைட்ரஜன்’ போலத் தோற்றம் தரும். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அப்படியே. 1999இல் லித்தியமும் பொட்டாசியமும் சேர்த்த கார்பன் நானோகுழாய்கள் 20 சதவீதம் வரை பிடிப்பதாக ஓர் ஆய்வு வந்தது. 2000இல் வேறொருவர் ஹைட்ரஜனை நன்கு உலர்த்திவிட்டு அளந்தபோது அந்த எண் பெரிதும் சுருங்கியது. எடை கூடியதற்குப் பெரும்பங்கு காரணம் வாயுவில் இருந்த ஈரம்.

சில ஆண்டுகளில் கோட்பாட்டுக் கணக்குகள் வேறொரு தொண்டு செய்தன. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் சுரேஷ் பாட்டியாவும் பென்சில்வேனியாவின் ஆலன் மயர்ஸும் 2006இல் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். அறை வெப்பநிலையில் 30 பார் அழுத்தத்தில் நிரப்பி, 1.5 பாரில் காலிசெய்ய வேண்டுமானால், பரப்பு ஹைட்ரஜனை எவ்வளவு உறுதியாகப் பிடிக்க வேண்டும்? விடை மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல். கரியின் பிடி அதில் பாதியைக்கூட எட்டவில்லை, 6 கிலோஜூலுக்கும் குறைவு. பிடி தளர்ந்தால் வாயு சேராது. இறுகினால் திரும்ப வராது. பரப்பை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் குறை தீராது, பிடியின் வலுவை மாற்ற வேண்டும் என்று இந்தக் கணக்கு ஆய்வாளர்களுக்குத் திசை காட்டியது. நல்ல கோட்பாட்டு மாதிரி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது: எங்கே தேடிப் பயனில்லை என்று சொல்வது.

அறுபத்தொரு ஆய்வகங்கள்

அண்மையில் நடந்த ஒரு சோதனை இந்தக் கதைக்கு ஒரு கண்ணாடி. 2022இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே அளந்து முடித்த 18 சமவெப்பநிலைக் கோடுகளை 61 ஆய்வகங்களுக்கு அனுப்பி, பிஇடி பரப்பைக் கணக்கிட்டுத் தரச் சொன்னார்கள். கருவி வேறுபாடு இல்லை, மாதிரி வேறுபாடு இல்லை; எல்லோர் கையிலும் ஒரே எண்கள். ஆனாலும் விடைகள் பெரிதும் சிதறின. கோட்டின் எந்தப் பகுதியை எடுத்துச் சமன்பாட்டைப் பொருத்துவது என்ற முடிவு ஒவ்வொருவர் கையிலும் மாறியதே காரணம். அதைத் தேர்ந்தெடுக்கத் தெளிவான விதிகளை ஃபிரெஞ்சு ஆய்வாளர்களான ரூக்கரோல் குழுவினர் ஏற்கெனவே தந்திருக்கிறார்கள். அவற்றைக் கணினியே சீராகச் செயல்படுத்தும் வழியையும் இந்த ஆய்வு முன்வைத்தது.

இதைக் கண்டு அளவீட்டின் மேல் அவநம்பிக்கை கொள்ள வேண்டியதில்லை. எனக்கு இதில் தெரிவது கடமை. பரப்பளவு என்று ஒற்றை எண்ணைத் தருகிறவர், எந்த வாயு, எந்த வெப்பநிலை, எத்தனை மணி நேரம் சூடாக்கிக் காற்றை நீக்கியது, கோட்டின் எந்தப் பகுதி, எந்தச் சமன்பாடு என்பதையும் கூடவே தர வேண்டும். அளந்த கோட்டை முழுமையாக, எண்களாகவே வெளியிட வேண்டும். சமன்பாடுகள் மாறும், லாங்மியூருக்குப் பிறகு புரூனவர் வந்தார், ஒதுக்கப்பட்ட பொலானி துபீனின் வழியாகத் திரும்பி வந்தார், வழுவழுப்பான சுவர் கரடுமுரடானது. ஆனால் பாதரசம் குழாயில் எவ்வளவு ஏறியது என்று கவனமாகக் குறித்துவைத்த அளவு கெடுவதில்லை. சோஸ்யூரின் 90 மடங்கும் 1.75 மடங்கும் இரு நூற்றாண்டு கடந்தும் இன்று நமக்குப் பொருள் தருகின்றன.

காங்கேயத்துக் களத்தில் தொட்டியை அள்ளிச் சூளையில் போடுகிறவருக்கு இந்தச் சர்ச்சைகள் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் சுட்ட கரி எங்கோ ஒரு வீட்டின் குடிநீரைக் காக்கிறது, எங்கோ ஒரு தொழிலாளியின் மூச்சைக் காக்கிறது. அந்தக் கரியின் தரத்தாளில் நாம் எழுதும் கால் ஏக்கர் எந்தக் கோலால், எந்தக் கணக்கால் அளந்தது என்று சேர்த்து எழுதும்போதுதான், அந்த எண்ணை நம்பி மூச்சு விடுகிறவருக்கு நாம் உண்மையாக இருக்கிறோம்.